முப்பது சவரனில் ஒரு சவரன்

பெண் குழந்தை பிறந்த வீட்டில் சேமிப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறது. பெயர் சூட்டும் நாளில் வந்த மோதிரங்கள் பீரோவுக்குள் போகின்றன. அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு திறக்கப்படுகிறது. அம்மா வீட்டுச் செலவில் பிடித்து மாதாமாதம் நகைச் சீட்டு கட்டுகிறாள். ஊரில் நடக்கிற ஒவ்வொரு கல்யாணத்திலும் அப்பா எழுதுகிற மொய், என்றைக்காவது தன் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும் என்று நோட்டில் ஏறுகிறது. இருபது, இருபத்தைந்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறார்கள். இந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பெண் படித்து முடித்து, வேலை கிடைத்து, வேறோர் ஊரில் தன் பெயரில் ஒரு வீடு பிடித்துக் குடியேற வேண்டிய நாள் ஒன்று வரும் என்பது இந்தக் கணக்குகள் எதிலும் இல்லை. அதற்கென்று யாரும் ஒரு ரூபாய்கூட எடுத்து வைப்பதில்லை.

அந்த நாள் இப்போது லட்சக்கணக்கான வீடுகளில் வந்துகொண்டே இருக்கிறது. நாடு முழுவதும் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் ஆலைகளுக்கும், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களுக்கும், மருத்துவமனைகளுக்கும், ஜவுளிக்கடைகளுக்கும் திருவண்ணாமலையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் பெண்கள் பஸ் ஏறுகிறார்கள். அனுப்பிவைக்கத் தயாராகிவிட்ட குடும்பங்கள், அவர்கள் அங்கே எப்படி நிலைகொள்வார்கள் என்பதற்குத் தயாராகவில்லை. என் கவலையெல்லாம் இதைப் பற்றித்தான்.

செல்வமகள் திட்டத்தின் விதிகளையே பாருங்கள். பத்து வயதுக்குள் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். கணக்கு தொடங்கி 21 ஆண்டில் முதிர்வு. பதினெட்டு வயதுக்குப் பிறகு மேற்படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். கல்யாணம் என்றால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் இளமையில் பணம் தேவைப்படும் தருணங்கள் இவை இரண்டுதான் என்று 2015-இல் இந்தத் திட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நகைச் சீட்டில் இதைவிடவும் இறுக்கம். பதினொரு மாதம் கட்டினால் தங்கமாகத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை கிடைத்திருக்கிறது, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், பணமாகக் கொடுங்கள் என்று கடையில் கேட்டால் நடக்காது.

தமிழ்நாட்டு அரசு இந்த இடத்தில் ஓர் அடி முன்னே போயிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கிய திட்டம் திருமண உதவித் திட்டம். முதலில் பணமாகக் கொடுத்தார்கள். 2011-இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கம் சேர்ந்தது, 2016-இல் அது எட்டு கிராம் ஆனது. 2022-இல் அதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. புதுமைப் பெண் திட்டம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். தாலித் தங்கம் மாதப் பணமாக மாறியது சாதாரண மாற்றமில்லை. மூன்று வருஷப் படிப்பில் 36 ஆயிரம் ரூபாய் அந்தப் பெண்ணின் பெயரில், அந்தப் பெண்ணின் கணக்கில் வருகிறது. புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஃபீஸுக்கும் செலவாகிவிடுகிற வீடுகளை நான் குறை சொல்லவே மாட்டேன். அதற்காகத்தான் அந்தப் பணம். கொஞ்சம் மூச்சு விட முடிகிற வீடுகளில், அதில் பாதியையாவது தொடாமல் விட்டால், கல்லூரியை விட்டு வெளியே வரும் நாளில் அவள் வெறுங்கையோடு நிற்க மாட்டாள்.

சரி, தனியே குடியேற எவ்வளவுதான் வேண்டும்? இதை வெளிப்படையாகக் கணக்குப் போட்டு நான் எங்கும் பார்த்ததில்லை. அதனால் இங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

கையில் 22 ஆயிரம் சம்பளம் வாங்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். பிடித்தது போகக் கிடைப்பது இது. முதல் வருஷம் லேடீஸ் ஹாஸ்டல், மூன்று பேர் ஓர் அறை, சாப்பாட்டோடு ஏழாயிரம். வீட்டுக்கு ஆறாயிரம் அனுப்புகிறாள். ஃபோன், சோப்பு, துணிமணி, ஊருக்குப் போய்வரும் செலவு, தெருமுனை டீ எல்லாம் சேர்த்து நாலாயிரம். மீதி ஐந்தாயிரம். இந்த ஐந்தாயிரத்தைத்தான் அவள் சேர்க்க முடியும். அதுவும் தலைவலி காய்ச்சல் வராத மாதங்களில்.

இப்போது அவளும் கூட வேலை பார்க்கும் தோழியும் சேர்ந்து சென்னை மேடவாக்கம் பக்கம் ஒரு சிங்கிள் பெட்ரூம் வீடு பார்க்கிறார்கள். வாடகை 12 ஆயிரம். ஆறு மாத அட்வான்ஸ் 72 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை முன்கூட்டியே. ஆக, சாவி கைக்கு வரும் முன்பே 96 ஆயிரம். அதற்கப்புறம் அடுப்பு, குக்கர், இரண்டு பாய், இரண்டு தலையணை, வாளி, மக், துணி காயப்போடும் கொடி, கொசுவலை, தண்ணீர் கேன் டெபாசிட். காஸ் இணைப்புக்கு ஒரு சிலிண்டர் டெபாசிட் 2,200, ரெகுலேட்டருக்கு 250, சிலிண்டர் விலை தனி. அதற்கு முகவரிச் சான்று கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் கைக்கு வரும்வரை அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய ஐந்து கிலோ சிலிண்டர் ஒன்று பெட்ரோல் பங்குகளிலும் மளிகைக் கடைகளிலும் கிடைக்கிறது. இதையெல்லாம் சேர்த்து 18 ஆயிரத்துக்குள் முடித்தால் கெட்டிக்காரிகள். மொத்தம் 1,14,000. ஆளுக்கு 57 ஆயிரம்.

அதோடு நிற்கக் கூடாது. தனி வீட்டுக்குப் போன பிறகு ஒரு மாதம் சம்பளம் தாமதமானாலோ, வேலை போனாலோ, ஹாஸ்டலைப் போல மாதக் கணக்கை முடித்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. வாடகைப் பங்கு, மளிகை, காய்கறி, பால், கரண்ட், போக்குவரத்து என்று ஆளுக்கு மாதம் 12, 13 ஆயிரம் ஆகும். மூன்று மாதத்துக்கு 38 ஆயிரமாவது கையிருப்பு வேண்டும். ஆகமொத்தம் 95 ஆயிரம். மாதம் ஐயாயிரம் சேர்த்தால் பத்தொன்பது மாதம். நடுவில் தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ், பாட்டிக்குக் கண் ஆபரேஷன் என்று வந்தால் இரண்டு வருஷம் தாண்டும்.

2025 அக்டோபரிலேயே ஒரு சவரன் தங்கம் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த விலையில் பார்த்தால், அவள் தனியே காலூன்ற வேண்டிய தொகை ஏறக்குறைய ஒரு சவரன்தான். அவள் கல்யாணத்துக்கு இருபது, முப்பது, ஐம்பது சவரன் என்று பேசத் தயாராக இருக்கும் வீடுகளில் இந்த ஒரு சவரனைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கேட்டால், ‘இன்னொருத்தர் வீட்டுக்குப் போகப்போற பொண்ணு, அவளுக்குத் தனியா எதுக்கு வீடு?’ என்கிறார்கள். அவள் 22 வயதில் வேலைக்குப் போகிறாள். கல்யாணம் 27-இல் ஆகலாம், 30-இல் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அத்தனை வருஷமும் மூன்று பேர் அறையில், ஒரு இரும்புக் கட்டிலில், சுவரில் அடித்த ஓர் ஆணியில் வாழ்க்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டுமா?

இந்தத் தொகையில் பெரிய பங்கு அட்வான்ஸ். அதில் ஒரு பகுதி அவள் சேமித்தே ஆக வேண்டிய பணம் அல்ல. நாம் சும்மா விட்டுவைத்திருக்கும் பழக்கம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகைதாரரை நெருக்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஆனால் அந்த வரிக்கு முன்னால் ஒரு சின்ன வாசகம்: இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் தவிர. அந்த வாசகத்தின் வழியே ஆறு மாதமும் எட்டு மாதமும் பத்து மாதமும் தாராளமாக வந்து போகின்றன. வீடு கிடைக்காமல் அலைந்துகொண்டிருப்பவள் எந்தக் காகிதத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டாள்? 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சவரம்பு என்கிறது. நம் சட்டத்தில் மூன்று மாதம் என்பதையே உறுதியாக்கினால்கூடப் போதும். மேலே சொன்ன கணக்கில் ஆளுக்கு 57 ஆயிரம் என்பது 39 ஆயிரமாக இறங்கும். ஐயாயிரம் சேர்ப்பவளுக்குப் பதினொன்றரை மாதம் என்பது எட்டு மாதத்துக்குள் வந்துவிடும்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் காலி செய்ய மறுத்தவர்களோடு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பெரிய அட்வான்ஸ் அந்தப் பயத்தில் வேரூன்றியது. ஆனால் இன்று அது பயத்துக்கான ஈடாக மட்டும் இல்லை. வாங்கிய அட்வான்ஸ் வீட்டுக் கடனுக்கோ மாடி எடுப்பதற்கோ மகன் ஃபீஸுக்கோ போய்விடுகிறது; வட்டியில்லாக் கடன். காலி செய்கிறவளுக்குத் திருப்பித் தர வேண்டுமென்றால் அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ‘அடுத்த ஆள் வரட்டும்மா, தர்றேன்’ என்பதைக் கேட்காத வாடகைதாரர் சென்னையில் யார்? அதற்குள் அவள் புது வீட்டுக்கு இன்னோர் அட்வான்ஸ் புரட்டியாக வேண்டும். கடைசியில் கைக்கு வரும்போது, ஒரு மாத வாடகை ‘பெயின்டிங்’ என்ற பெயரில் குறைந்திருக்கும்.

போன வருஷம் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வீடு பார்க்க நானும் கூடப் போனேன். அவள் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம் வீட்டு முகவரி, எதிர்ப் பக்கம் வாடகை, அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று கட்டம் போட்டுக் கேள்விகள். யூனிட் கேள்வியை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தோழிகளின் அனுபவத்தில் கற்றது. வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்த போர்ஷன்களில் அந்தச் சலுகை குடித்தனக்காரருக்கு வராது. யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை.

கேட்ட கேள்விகளைவிடக் கேட்கப்பட்ட கேள்விகள் அதிகம். ஒரு வீட்டில், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே ஓர் அம்மாள் கேட்டார்:

“ஃபேமிலியா?”

“இல்ல ஆன்ட்டி, நானும் என் ஃப்ரெண்டும். ரெண்டு பேரும் ஒரே கம்பெனி.”

“ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க?”

“ஷிஃப்ட் இருக்கு ஆன்ட்டி. ஒரு வாரம் பதினொண்ணு ஆகும். கம்பெனி வண்டி வாசல்லயே வந்து விட்டுடும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க பெரியவங்க, உங்ககிட்டயே கேக்குறேன். என்ன ஆளுங்க நீங்க?”

சமையல் என்ன, சாமி எது, அப்பா வருவாரா, ஆண் சிநேகிதர்கள் வருவார்களா என்று போன பிறகு, கடைசியில் கொடுக்கச் சம்மதித்தார். “ரெண்டும் பொண்ணுங்களா இருக்கறதால எட்டு மாச அட்வான்ஸ். அக்ரிமென்ட்ல அப்பா கையெழுத்துப் போடணும்.” ஃபேமிலிக்கு எவ்வளவு என்று அவள் கேட்டாள். ஐந்து என்றார். இரண்டு பெண்கள் மாதச் சம்பளத்தோடு வந்தால் மூன்று மாத வாடகை கூடுதல். அவள் நோட்டை மூடினாள். “அக்ரிமென்ட் என் பேர்ல போட்டாத்தான் எனக்கு காஸ் கனெக்‌ஷன் வரும், பேங்க்ல அட்ரஸ் மாத்த முடியும். அப்பா பேர்ல வேணாம் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் என்னிடம், “சித்தி, சாதி கேட்டாங்கள்ல, அதுக்கே இறங்கியிருக்கணும்” என்றாள்.

என் தலைமுறையில் நாங்கள் இந்த இடத்தில் பேசாமல் தலையாட்டியிருப்போம். அவளால் மறுக்க முடிந்ததற்குத் துணிச்சல் மட்டும் காரணமில்லை. ஹாஸ்டலுக்கு அடுத்த இரண்டு மாதப் பணம் கட்டியிருந்தாள். வங்கியில் அறுபதாயிரம் வைத்திருந்தாள். அவசரமில்லை. கையில் பணமும் கொஞ்சம் காலமும் இருந்தால்தான் மரியாதை கெட்ட வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியும். சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டி விகிதத்தைச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் முதல் வட்டியாகத் தோன்றுகிறது.

பணம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி நமக்குக் கசப்பான ஒரு பாடம் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் வளர்இளம் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். மூன்று வருஷம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்று பெற்றோரிடம் சொல்லி அழைத்துப் போனார்கள். அது இனாம் இல்லை. மாதாமாதம் அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டிய கூலியில் பிடித்துவைத்த பணம்தான். பஞ்சுத் தூசியில் மூச்சுத் திணறி, கை மெஷினில் சிக்கி, உடம்பு முடியாமல் இரண்டாவது வருஷத்தில் ஊர் திரும்பியவர்கள் பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை. அவர்களும் வீட்டை விட்டு வெளியே வந்து வேலை பார்த்தவர்கள்தான். விடுதி வாசலைத் தாண்ட அனுமதி வேண்டும். வீட்டோடு பேச நேரம் குறித்துத் தருவார்கள். ஊரை விட்டு வந்தது மட்டும்தான் நடந்தது. தன் காலில் நிற்பது நடக்கவில்லை. அவர்கள் பெயரில் சேமிப்பு இருந்தது, அவர்கள் கையில் இல்லை.

அந்தத் திட்டம் எங்கோ நடந்த கொடுமை என்று நினைக்க முடியவில்லை. நம் வீடுகளில் அதன் மெல்லிய வடிவம் இன்றும் இருக்கிறது. சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை அப்பாவிடம், ஓ.டி.பி. வருகிற நம்பர் அண்ணனுடையது. மகளுக்கு வாரம் ஐந்நூறு ரூபாய் கைச்செலவுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அத்தனையும் அவள் கல்யாணத்துக்கே சேர்கிறது என்று மனதார நம்புகிறார்கள். ஆனால் 25 வயதிலும் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத பெண், நாளைக்குப் புகுந்த வீட்டிலும் அதே அட்டையை இன்னொருவர் கையில் கொடுப்பாள். வீட்டுக்குப் பணம் அனுப்புவது வேறு, கணக்கையே கொடுத்துவிடுவது வேறு. முதல் வேலையின் முதல் மாதத்திலேயே இதைப் பேசி முடிவு செய்துவிட வேண்டும். இத்தனை தருகிறேன், மாதம் ஐந்தாம் தேதி வந்துவிடும், அட்டை என்னிடம் இருக்கட்டும் என்று அவள் சொன்னால் அதை எதிர்ப்பேச்சாகக் கொள்ளாத பெற்றோர்கள் வேண்டும்.

சேர்க்கிற இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பு நம்பிக்கையானது. மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம். ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம், மூன்று வருஷத்துக்கு முன்னால் முடித்துக்கொள்ள முடியாது. ஒன்றரை வருஷத்தில் வீடு பிடிக்க நினைப்பவளுக்கு வங்கியில் பன்னிரண்டு மாதமோ பதினெட்டு மாதமோ போடும் ஆர்.டி.தான் தோது. சம்பளம் விழுந்த மறுநாளே பிடித்துக்கொள்ளும்படி வைத்துவிட்டால் கண்ணில் படாது, செலவாகாது. வங்கியில் ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. ஏலச் சீட்டு கட்டுவதாக இருந்தால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று பார்க்க வேண்டும். மாதத்துக்கே முப்பது சதவீதம் வட்டி என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனத்தில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். 2022-இல் அது வழக்கானபோது வாசலில் நின்று அழுதவர்களில் எத்தனையோ பேர் மகளுக்கென்று சேர்த்த பணத்தைப் போட்டவர்கள். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்.-ஐ எடுத்துச் செலவு செய்யும் பழக்கத்தையும் விட வேண்டும். அட்வான்ஸுக்கு அதில் கை வைத்தால், அறுபது வயதுக்குப் பிறகு சாப்பிட வேண்டியதை இருபத்தைந்தில் வீட்டுக்காரரிடம் கொடுத்ததாகிவிடும்.

சிறு தொகை என்று எதையும் ஒதுக்கக் கூடாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டிருந்தது. அதில் எண்ணூறு ரூபாயை அன்றன்றைக்குக் கரையவிடாமல் தனியே போட்டால் வருஷத்துக்கு 9,600. மேலே போட்ட பட்டியலில் அடுப்பு, குக்கர், பாய், தலையணை, வாளி எல்லாம் இதிலேயே வந்துவிடும்.

பெற்றோர்களின் பயத்தைத் தள்ளிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ராத்திரி பதினொரு மணிக்கு மகள் வீடு திரும்பினாளா என்று ஊரில் விழித்துக் காத்திருக்கும் அம்மாவின் பயம் உண்மையானது. ‘தனியா வீடெடுத்துத் தங்கியிருக்காளாமே’ என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் இழுப்பதும் உண்மை. ஆனால் விடுதி என்றாலே பத்திரம் என்பதில்லை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டில் விஷம் ஏறி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிகளின் நிலை வெளியுலகுக்குத் தெரிந்தது. அதன் பிறகு மாற்றங்கள் வந்தன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய 18,720 பேருக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. தாம்பரம், திருச்சி உள்ளிட்ட இடங்களில் அரசின் தோழி விடுதிகள் நடக்கின்றன. இவை நல்ல காரியங்கள், இன்னும் நிறைய வேண்டும். வேலைக்கு வந்த முதல் இரண்டு வருஷத்துக்கு இவை பெரிய துணை. ஆனால் பெண் என்றால் காவலாளி வைத்த வாசலுக்குள்தான் வைக்க வேண்டும் என்று அரசும் நினைக்கத் தொடங்கிவிட்டால், தன் பெயரில் சாவி வாங்குகிற நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

மகன்களை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கலாம். அவர்களுக்கும் அட்வான்ஸ் சுமைதான். ‘பேச்சிலர்ஸுக்கு இல்லை’ என்ற பதில் அவர்களுக்கும்தான். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் வாழ்க்கையைத் தொடங்கிய ஆண்கள் எத்தனையோ பேர். ஆனால் மகன் வெளியூரில் வீடெடுத்தால் குடும்பம் அதை அவனுடைய வளர்ச்சியாகப் பார்க்கிறது, அண்டாவையும் மிக்ஸியையும் கட்டிக்கொடுத்து அனுப்புகிறது. மகளுக்கு அதே மிக்ஸி கல்யாணச் சீர்வரிசையில்தான் வருகிறது. அதற்கு முன்னால் அவள் சமைத்துச் சாப்பிடுகிற ஐந்தாறு வருஷங்களுக்கு மிக்ஸி வேண்டாமா?

சட்டமன்றத்தில் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. மூன்று மாத அட்வான்ஸ் விதியின் முன்னால் நிற்கிற அந்த வாசகத்தை எடுத்துவிட வேண்டும். குறித்த காலத்தில் அட்வான்ஸ் திரும்ப வராவிட்டால் வாடகை அதிகாரி தாமதத்துக்கு வட்டி போட்டு வசூலித்துத் தர வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இருப்பவர்களுக்குக் கூட்டுறவு வங்கிகள் மூலம் அட்வான்ஸ் கடன் என்று ஒன்று கொடுக்கலாம். நகைக்கடன் கொடுத்துப் பழகிய வங்கிகள் அவை. அம்மாவின் சங்கிலி அங்கே போய்த்தான் இன்று பல பெண்களின் அட்வான்ஸாக வருகிறது. சங்கிலிக்குப் பதில் அவளுடைய சம்பளச் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் ஈடாக வைத்து, வீட்டுக்காரரின் கணக்குக்கே நேராகப் பணம் போனால் வங்கிக்கும் பெரிய ஆபத்து இல்லை. அட்வான்ஸ் செலவாகிப் போகிற பணமும் இல்லை. ஒரு வீட்டைக் காலி செய்யும்போது வங்கிக்குத் திரும்பி வரும், அடுத்த வீட்டுக்கு அவளோடு போகும்.